தொடக்கப் பள்ளி ஆண்டாய்வு: தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்குப் பகுதியின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக. பணி நிறைவு பெற்ற பிறகும் எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. "ஆண்டாய்வுத் தேதி வந்துவிட்டது டீச்சர், கை கால் ஓடவில்லை" என்று தொடங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதையே சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளிப் பார்வையும் ஆண்டாய்வும் ஒன்றுதானா?

இல்லை. பார்வை எந்த நாளிலும் நடக்கும். வட்டாரக் கல்வி அலுவலர் வரலாம், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் வரலாம், சத்துணவைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரலாம். ஒரு வகுப்பில் உட்கார்ந்து கவனித்துவிட்டுப் பார்வையாளர் பதிவேட்டில் இரண்டு பத்தி எழுதிவிட்டுப் போவார்கள். ஆண்டாய்வு என்பது கல்வி அலுவலர் தேதி சொல்லி வந்து, பள்ளியின் ஓராண்டுக் கணக்கு முழுவதையும் மேசை மீது எடுத்துவைத்துப் பார்ப்பது. இந்த வழக்கத்தின் வேர் 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையில் இருக்கிறது. மாகாணந்தோறும் கல்வித் துறை அமைக்க வேண்டும், ஆய்வாளர்கள் போய்ப் பள்ளிகளைப் பார்க்க வேண்டும், அதன் பேரில் மானியம் தர வேண்டும் என்றது அந்த அறிக்கை. மானியம் போய்விடுமோ என்ற அந்தக் காலத்து அச்சம்தான் இன்றும் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது என்று எனக்குத் தோன்றும்.

பதினைந்து நாள்தான் இருக்கிறது. முதலில் எதைத் தொடுவது?

சுண்ணாம்பு வாளியை ஓரமாக வையுங்கள். முதல் நாள் காலையில் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அருகில் உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். அறுபது குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு முப்பது பேர். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்த நாள் முதல், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த பட்டியல் நம்மிடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பருவத் தொடக்கத்தில் அரும்பில் இருந்த பிள்ளை மொட்டுக்கு வந்திருக்கும்; மலரில் எழுதிய பிள்ளை இரண்டு மாதம் வராமல் இருந்து எல்லாவற்றையும் மறந்திருக்கும். பட்டியல் பழையதாகிவிடும், குழந்தையின் வாய்தான் இன்றைய செய்தியைச் சொல்லும்.

எங்கே தடுக்குகிறது என்று அந்தப் பெயருக்கு நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். "சுமார்", "பரவாயில்லை" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. "கொடி என்பதைக் கெ, கால், டி என்று உடைத்துப் படிக்கிறான்" என்று எழுதுங்கள். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஓசை என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலு நாள் கொ, பொ, தொ, மொ என்று விளையாடினால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். இன்னொருத்திக்கு ணகரமும் னகரமும் குழம்பும். அதற்கு மாதங்கள் ஆகும், பதினைந்து நாளில் மிரட்ட வேண்டாம். கணக்கில் பாருங்கள்: 482லிருந்து 178 கழித்துவிடுவான், 402லிருந்து கழிக்கச் சொன்னால் சுழியத்திடம் எப்படிக் கடன் வாங்குவது என்று திகைத்து நிற்பான். தீக்குச்சிக் கட்டுகளை வைத்து நூறை உடைத்துக் காட்டினால் இரண்டு நாளில் புரிந்துவிடும்.

பதிவேடு, சுவர், தோட்டம் எல்லாவற்றையும் பெரியவர்கள் இரண்டு மாலைப் பொழுதுகளில் சரிசெய்துவிடலாம். வாசிப்பை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

எந்தெந்தப் பதிவேடுகளை எடுத்துவைக்க வேண்டும்?

சேர்க்கைப் பதிவேடு, மாணவர் வருகைப் பதிவேடு, ஆசிரியர் வருகைப் பதிவேடு, தற்செயல் விடுப்புக் கணக்கு, பதிவுத்தாள் அடிக்கட்டை, தளவாடப் பதிவேடு, நூலகப் புத்தக இருப்பு, விலையில்லாப் பொருட்கள் வழங்கிய பதிவேடு, ரொக்கப் பதிவேடும் பற்றுச்சீட்டுகளும், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகம், சுற்றறிக்கைக் கோப்பு, பாடக்குறிப்பு, மதிப்பீட்டுப் பதிவுகள், போன ஆண்டு ஆய்வறிக்கை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அலுவலரின் கை எங்கே போய் நிற்கும் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் போன ஆண்டு ஆய்வறிக்கையைத்தான் கேட்பார்கள். அதில் சொன்ன குறைகளில் எவை தீர்ந்தன, எவை தீரவில்லை, ஏன் தீரவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி அதன் மேலேயே செருகிவையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. பாதி வாக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது.

சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைச் சுரண்டி அழித்து மேலே எழுதாதீர்கள். ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிடுங்கள். அந்தப் பிள்ளை முப்பது ஆண்டு கழித்து ஒரு சான்றுக்காக வந்து நிற்கும்போது, சுரண்டிய இடம் அதன் பிழைப்பையே கெடுத்துவிடும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்: தறிக்குடோனில் வேலை பார்த்த ஒருவர் பிறந்த ஆண்டு தெளிவில்லாத ஒரு பதிவுக்காக நான்கு முறை கூலியை விட்டுவிட்டு அலைந்தார். பதிவேடு எழுதும்போது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

வருகைப் பதிவேட்டில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, பென்சில் கூடாது, அன்றன்றைய கூட்டுத்தொகை அன்றே விழ வேண்டும். நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து போகும் குடும்பங்கள், ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட பிறகு வரும் நாட்கள், சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போகும் மாதங்கள் ஆகியவற்றில் வருகை குறையும். அதை மறைக்க எல்லோருக்கும் வருகை போட்டுவிடாதீர்கள். குறைந்த நாளுக்குக் காரணத்தை ஓரத்தில் எழுதி, வீடு தேடிப் போய்ப் பேசிய தேதியையும் குறித்திருந்தால், அந்தக் குறைவே உங்கள் உழைப்புக்குச் சாட்சியாகிவிடும்.

எமிஸில் (கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில்) ஒரு எண்ணிக்கை, பதிவேட்டில் வேறொரு எண்ணிக்கை. என்ன செய்ய?

பெரும்பாலும் ஊர் மாறிப் போன குழந்தையின் பெயர் எமிஸ் இணையத்தில் இன்னும் நம் பள்ளியிலேயே நிற்கும். அல்லது புதிதாக வந்த குழந்தையைப் பழைய பள்ளி விடுவித்திருக்காது. பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்குள்ளேயே மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிற குடும்பங்கள் உண்டு. ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பே வகுப்புவாரியாகப் பெயர்களை ஒப்பிட்டு, வேறுபாடு உள்ள பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். பழைய பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் செய்தால் பாதி தீர்ந்துவிடும். தீராததைத் தாளோடு அலுவலரிடமே கொடுத்துவிடுங்கள். நாமாக எடுத்துச் சொன்ன வேறுபாட்டுக்கு யாரும் நம்மைக் கடிந்துகொண்டதில்லை.

சத்துணவு, காலை உணவு இரண்டிலும் எதைப் பார்ப்பார்கள்?

அன்றைய வருகை, அன்று சாப்பிட்டவர் எண்ணிக்கை, எடுத்த அரிசி, மீதி இருப்பு. நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு மதிய உணவில் 100 கிராம் அரிசி என்பது அளவு. 54 பேர் சாப்பிட்ட நாளில் 5 கிலோ 400 கிராம் குறைந்திருக்க வேண்டும். மூட்டையை நிறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் அதற்கு முன்பே அமைப்பாளரோடு சேர்ந்து நிறுத்துப் பாருங்கள். முட்டை எண்ணிக்கையையும் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்த கணக்கையும் தனியாகக் கேட்பார்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் பரவிய காலை உணவுத் திட்டத்தின் சமையலை மகளிர் சுயஉதவிக் குழுவினர் பார்க்கிறார்கள். அவர்களை ஆய்வு நாளன்று அதட்டி வேலை வாங்காதீர்கள். விடியும் முன் எழுந்து வருகிறவர்கள் அவர்கள். பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் ருசி பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை ஒரு சடங்காக்கிவிட வேண்டாம். உண்மையிலேயே ஒரு வாய் சாப்பிடுங்கள். உப்பு கூடிய சாம்பாரைச் சிறு குழந்தை வாய் திறந்து சொல்லாது, தட்டை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ஒதுக்கிய தட்டுகளை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. எந்தப் பதிவேடும் கேட்காத கணக்கு அது, ஆனால் சமையலைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அதுதான்.

"ஆய்வு நாளன்று உங்கள் பையனை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் படிக்க வராது. நான் என்ன செய்ய?" (ஒரு தாயின் கேள்வி)

அனுப்புங்கள், அம்மிணி. தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, மற்ற நாளைவிடக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்புங்கள். யாராவது கேட்டால், கல்வி உரிமைச் சட்டம் அவனுக்கும் சேர்த்துத்தான் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பள்ளியில் உட்காரும் உரிமைக்கு வாசிப்புத் தேர்வு கிடையாது.

ஆசிரியர்களுக்கு இதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதே காரியம் நடந்தது. ஐந்து பிள்ளைகளை முந்தைய நாள் மாலை "நாளை வீட்டில் இருங்கள்" என்று அனுப்பினோம். சொன்னது மூத்தவர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தது நான். மறுநாள் அலுவலர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். முந்தைய நாள் வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த ஐந்து பெயர்கள் ஒரே நாளில் இல்லை. ஒன்றும் கேட்காமல் மதிய உணவு இடைவேளையில் ஊருக்குள் நடந்து போனார். அந்த ஐவரில் ஒரு சிறுமி கோயில் திண்ணையில் உட்கார்ந்து பள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "ஏன் சாமி பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று கேட்டதற்கு, "நான் மக்கு, அதனால் இன்றைக்கு வரக் கூடாது" என்றாளாம். அவர் திரும்பி வந்து அந்தச் சொல்லை அப்படியே எங்களிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அன்று ஆய்வறிக்கையில் என்ன எழுதினார் என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சொல் மறக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஒரு குழந்தையை மறைத்துவைப்பது அதற்குள் வராது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பின்தங்கிய பிள்ளையை முன் வரிசையில் உட்காரவையுங்கள். அவன் நோட்டில் ஜூன் மாதப் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அடையாளம் வைத்து, அலுவலர் அருகில் வரும்போது நீங்களே திறந்து காட்டுங்கள். ஜூனில் பெயர் எழுதத் தெரியாதவன் இன்று மூன்று எழுத்துச் சொற்களை எழுதுகிறான் என்றால் அதைவிடப் பெரிய சாட்சி அந்தப் பள்ளியில் வேறு இல்லை.

எங்கள் பள்ளியில் பாதிப் பேர் ஒடியாவும் இந்தியும் பேசும் குழந்தைகள். அவர்களால் தமிழ் வாசிக்க முடியவில்லை. குறை எங்கள் மேல் வருமே?

வராது, நீங்கள் செய்வதைச் சொன்னால். திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் இதுதான் இன்றைய வகுப்பறை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள் வையுங்கள்: எந்த மாதம் சேர்ந்தது, வீட்டில் என்ன மொழி, வந்த அன்று தமிழில் எத்தனை சொல் தெரியும், இப்போது எத்தனை. கணக்கில் இந்தக் குழந்தைகளை மட்டமாக எடைபோடாதீர்கள். தங்கள் மொழியில் எண்ணத் தெரிந்து வந்தவர்கள் பலர். தமிழ்ச் சொல் தெரியாததால் விடை சொல்லாமல் நிற்பார்கள், எண்ணை எழுதிக் காட்டினால் போட்டுவிடுவார்கள். ஆய்வு நாளில் பக்கத்து இருக்கைத் தமிழ்ப் பிள்ளையோடு இணையாக உட்காரவைத்து உரையாடச் சொல்லுங்கள். வாசிப்பைவிடப் பேச்சு அவர்களுக்கு முன்னால் வந்துவிடும். ஆறே மாதத்தில் நம் ஊர்ப் பேச்சின் "ங்க" அவர்கள் வாயில் ஒட்டிக்கொள்வதைக் கேட்க அவ்வளவு இதமாக இருக்கும்.

தாளவாடி மலையில் கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கும், வால்பாறைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு வடக்கிலிருந்து வந்திருக்கும் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஈராசிரியர் பள்ளி. ஒருவர் அலுவலருடன் உட்கார்ந்துவிட்டால் ஐந்து வகுப்பையும் யார் பார்ப்பது?

அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள அளவு, அலுவலருக்கும் தெரியும். பதிவேடுகள் எல்லாவற்றையும் காலையிலேயே மேசையில் வரிசையாக அடுக்கி, மேலே பெயர் எழுதிய தாளை ஒட்டிவிடுங்கள். தேடும் நேரம்தான் வகுப்பை விழுங்குகிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சின்னவர்களுக்குக் கதை வாசிக்கச் சொல்வது நல்லது. அதை அன்றைக்கு மட்டும் செய்தால் ஒரே கூச்சலாகிவிடும், பத்து நாளாவது பழக்கியிருக்க வேண்டும்.

கட்டடம், கழிப்பறை, தண்ணீர்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அன்றிலிருந்து நான் எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்ப்பேன். கூரை, கசிவு, காரை பெயர்ந்த இடம், தொங்கும் மின்கம்பி, உடைந்த சுவிட்சுப் பெட்டி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவரில் விரிசல். இவற்றில் எது இருந்தாலும் ஆய்வுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே எழுத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் கொடுத்து, கொடுத்த நகலைக் கோப்பில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் எழுதிய கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு, சுவர் விழுந்த பிறகு எழுதியதற்கு இல்லை. பழுதான அறைக்குப் பூட்டுப் போட்டு, வேப்ப மரத்தடியில் வகுப்பு நடத்தினால் குறையாக எண்ண வேண்டாம்.

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே குழாயைத் திறந்து பாருங்கள். ஆய்வு நாளுக்கு மட்டும் திறந்து, மற்ற நாள் பூட்டிவைக்கும் கழிப்பறையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: ஏதாவது ஒரு பெண் குழந்தையிடம் "எங்கே போவாய் கண்ணு?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிக்கத் தராதீர்கள். ஊராட்சிக் குடிநீர்க் குழாய் இணைப்பு இல்லையென்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, கல்வித் துறையின் 14417 இரண்டும் குழந்தையின் கண் மட்டத்தில் எழுதியிருக்கட்டும். ஆள் உயரத்துக்கு மேலே எழுதிய பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவினர் வர வேண்டுமா? மாலை, சால்வை, விருந்து?

குழுவினர் வந்தால் நல்லது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கையெழுத்துக்கு மட்டும் நோட்டை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு வெளிப்பட்டுவிடும். தலைவியிடம் "போன கூட்டத்தில் என்ன முடிவு எடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும்படி கூட்டம் நடத்துவதுதான் இதற்கான ஒரே ஆயத்தம். ஆலை ஷிப்டுக்குப் போகும் தாய்மாருக்கு ஏற்ற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

மாலையும் சால்வையும் வேண்டாம். விருந்து அறவே வேண்டாம். அலுவலரும் பிள்ளைகளோடு சத்துணவு சாப்பிடட்டும். ஊரார் பள்ளிக்காகச் செலவழிக்க விரும்பினால் அதற்கு நம் பகுதியில் நல்ல மரபு இருக்கிறது. காமராசர் முதல்வராகவும், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்மக்கள் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டியதைத் தாமே முன்வந்து தந்தார்கள். சால்வைப் பணத்தில் இரண்டு கதைப் புத்தகமாவது வரும். வாங்கியதைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வரவேற்புப் பாட்டும் விடைகளும் மனப்பாடம் செய்துவைக்கலாமா?

பாட்டுப் பாடட்டும், அவர்களுக்குப் பிடித்திருந்தால். விடைகளை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். கேள்வியின் வரிசை மாறினால் பிள்ளை உடைந்து அழுதுவிடும், பார்த்திருக்கிறேன். "ஒரு மாமா வருவார், நீங்கள் படிப்பதைக் கேட்பார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்" என்று சொல்லிவையுங்கள். அது போதும்.

அலுவலர் எழுதும் குறை நியாயமில்லை என்று தோன்றினால்?

அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள், ஆவணத்தைக் காட்டுங்கள். அப்படியும் எழுதினால், குறைகளுக்கு நாம் பதில் எழுதும் நிவர்த்தி அறிக்கையில் உங்கள் விளக்கத்தைத் தேதிகளோடு எழுதுங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பது போன்ற உங்கள் கையில் இல்லாத குறைகளையும் விடாமல் அறிக்கையில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். மேலிடத்துக்கு அது போய்ச் சேர இதைவிட நல்ல வழி கிடையாது. கேட்கத் தயங்கிய ஆண்டுகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஆய்வு மாலை மணிக்குப் பிறகும் நீண்டால் குழந்தைகளை நிறுத்திவைக்கலாமா?

கூடாது. மணி அடித்ததும் அனுப்பிவிடுங்கள். தோட்டத்துச் சாளைகளிலிருந்து (காட்டு வீடுகளிலிருந்து) வரும் பிள்ளைகளுக்கு நடை தூரம் அதிகம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட) வாய்க்கால் கரை வழியே போகிறவர்கள் இருட்டும் முன் வீடு சேர வேண்டும். டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய ஊர்களும் உண்டு. "பிள்ளைகள் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது சார்" என்று எழுந்து நின்று சொல்லுங்கள். என் பணிக்காலத்தில் அப்படிச் சொன்ன மூன்று முறையும் அலுவலரே வாசல் வரை வந்து, பிள்ளைகள் சாலையைக் கடக்கும் வரை நின்றார்.